யஹ்யாவின் முறை

கைப்பேசியின் முன்பக்கக் கேமராமேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை சித்தி ஜனாபா பெருவிரலால் இன்னொரு தரம் அழுத்திவிட்டாள். காயத்துக்குப் போடுகிற சின்னப் பிளாஸ்திரி. வெள்ளத்துக்குப் பிறகு மருத்துவ முகாமில் கொடுத்த பொட்டலத்தில் மிச்சமிருந்தது.

"இனி நீ பாக்கலாம். உன்னய எவனும் பாக்க முடியாது," என்றாள்.

தஸ்லிமா தலையை மட்டும் ஆட்டினாள். அவள் இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. அன்று அறுபத்தாறாவது நாள். அந்த நாட்கள் பிசகில்லாமல் கழிய வேண்டும் என்பதற்காகவே அவள் புருஷன் யஹ்யாவின் அக்காவான சித்தி ஜனாபா காயல்பட்டினத்திலிருந்து வந்து ஏரலில் தம்பி வீட்டில் தங்கியிருந்தாள். சித்தி என்பது முறையில்லை, அவள் பேரிலேயே உள்ளது; தஸ்லிமாவுக்கு அவள் மைனி. ஜன்னல்களில் போர்வை கட்டியது அவள்தான். பால்காரர் மணியடித்தால் கதவை ஒரு கை அகலம் திறந்து செம்பை நீட்டுவதும் அவள்தான்.

இந்த வீடியோ அழைப்புக்கு அவளைச் சம்மதிக்க வைக்க மூன்று நாள் ஆகியிருந்தது. வெளிநாட்டு ஆம்பிளைகளை இத்தாவில் இருப்பவள் பார்ப்பதா என்று முதல் நாள் சாப்பிடாமலே படுத்துவிட்டாள். மூன்றாம் நாள் அவளாகவே வந்து, தம்பி ஏற்றுக்கொண்ட காரியம் என்றால் அது அமானத்து, நம்பி ஒப்படைத்தது, அதை நடுவில் விடக்கூடாது என்றாள். ஆனால் முகம் தெரியக்கூடாது. அதற்குத்தான் பிளாஸ்திரி.

யஹ்யா சவூதியில் ஜவ்ஃப் என்ற ஊரில் ஒரு பெரிய ஆலிவ் தோட்டத்தில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தவர். அங்கே மேஸ்திரியாக இருந்த பாலஸ்தீனர் அபூ கஸ்ஸான், தன் வாப்பா இறந்ததும் வேலையை விட்டுவிட்டு நப்லூஸ் பக்கம் இருந்த தன் கிராமத்துக்குப் போய்விட்டார். நிலத்தில் போய் நிற்க ஆள் இல்லையென்றால் நிலம் இருக்காது என்பது அவர் சொன்ன காரணம். யஹ்யாவும் ஊர் திரும்பி ஆற்றோரம் வாழை போட்டார். காய் பறிக்கும்போதும் உழும்போதும் மலையுச்சியில் குடியேறியவர்கள் இறங்கி வந்து அபூ கஸ்ஸான் வீட்டாரை விரட்டுவார்கள். நடப்பதைப் படம் எடுத்தால் போனைப் பிடுங்கிவிடுவார்கள். அதனால் அவர் பழைய கூட்டாளிகளிடம் ஓர் உதவி கேட்டார். நாங்கள் வேலை செய்யும்போது வீடியோவில் கூடவே இருங்கள், பார்ப்பதை உங்கள் போனில் பதிவு செய்து வையுங்கள், அங்கே இருப்பதை யாரும் பிடுங்க முடியாது என்றார். வெவ்வேறு நாடுகளில் ஐந்து பேர் சேர்ந்தார்கள். வாய்க்கால் தண்ணீருக்கு வைப்பதுபோல நேரத்துக்கு முறை வைத்துக்கொண்டார்கள். அங்கே காலை என்றால் இங்கே உச்சிப்பொழுது. ஆகவே காலை முறை யஹ்யாவுடையது. நான்கு வருஷம் அதை அவர் தவறவிட்டதில்லை.

மார்கழி வெள்ளத்தன்று விடியுமுன் வாழைத்தோட்டத்து மோட்டாரைக் கழற்றி மேலே வைத்துவிட்டு வருகிறேன் என்று போனார். மூன்றாம் நாள் ஆத்தூர்ப் பக்கம் கண்டெடுத்தார்கள்.

இப்போது மாசி. அபூ கஸ்ஸானின் நிலம் மலைச்சரிவில் நாற்பத்திரண்டு ஆலிவ் மரங்கள். இரண்டு வருஷமாக அங்கே கலப்பை படவில்லை. ஒரு வருஷம் வழியில் கேட் போட்டுப் பூட்டினார்கள். மறு வருஷம் உழப்போனவர்களைக் கல்லெறிந்து விரட்டினார்கள். போர் தொடங்கிய பிறகு காய் பறிக்கவும் விடவில்லை. மூன்றாவது வருஷமும் உழாமல் கிடந்தால் தரிசு என்று எழுதி எடுத்துக்கொள்ள ஒரு பழைய சட்டம் இடம் கொடுக்கிறது, மேலே இருப்பவர்கள் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள் என்று அபூ கஸ்ஸான் யஹ்யாவிடம் பலமுறை சொல்லியிருந்தார். ராணுவம் இந்த வருஷம் கொடுத்த அனுமதி ஒரே ஒரு நாள், காலை ஏழிலிருந்து பதினொன்றுவரை. நாற்பத்திரண்டு மரத்தடியும் உழப்பட்டதற்கு இடையில் அறாத பதிவு வேண்டும் என்று அவர்களுடைய வக்கீல் கேட்டிருந்தார். அந்த நாள்தான் இது. மற்ற நால்வரில் இருவர் அந்த நேரம் தூக்கத்தில் இருப்பார்கள், இருவருக்கு வேலை. யஹ்யா சாச்சாவின் முறைக்கு ஆள் இல்லை என்று அபூ கஸ்ஸானின் மகள் ரீமா எழுதியிருந்தாள். நான் இருக்கிறேன் என்று தஸ்லிமா பதில் போட்டாள். போட்ட பிறகுதான் மைனியிடம் கேட்க வேண்டுமே என்று நினைத்தாள்.

அங்கே ஏழு மணியானபோது, இங்கே பத்தரைக்கு, அழைப்பு வந்தது. திரையைப் பதிவு செய்யும் பொத்தானை யஹ்யா காட்டிக்கொடுத்தபடி முதலில் அழுத்திவிட்டு எடுத்தாள்.

தஸ்லிமா கல்யாணத்துக்கு முன்பு மேலப்பாளையத்தில் ஆலிமா ஆவதற்கான மார்க்கப் படிப்பு படித்தவள். அவளுக்குத் தெரிந்தது கிதாபு அரபி, புத்தகத்தில் உள்ளது. அவள் சலாம் சொல்லி நலம் விசாரித்ததும் ரீமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சாச்சி, நீங்கள் பேசினால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயான் கேட்பது போல இருக்கிறது," என்றாள். உடனே, துக்க வீட்டில் சிரித்துவிட்டோமே என்று மன்னிப்புக் கேட்டாள். தஸ்லிமாவுக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. இரண்டு மாதமாக அவள் முன்னால் யாரும் சிரித்திருக்கவில்லை.

அபூ கஸ்ஸான் திரைக்கு முன்னால் வந்து நின்றார். நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். யஹ்யா என்று ஒரு தரம் சொன்னார். திரும்பிப் போய்க் கலப்பையைப் பிடித்துக்கொண்டார். கோவேறு கழுதை இழுத்தது. அவர் தம்பி நபீல் முன்னால் கயிற்றைப் பிடித்து நடந்தார். மண் செம்மண்ணாக, கல்லும் முள்ளுமாக இருந்தது. ஒரு மரத்தைச் சுற்றி நான்கு சால் ஓட்டி அடுத்த மரத்துக்குப் போனார்கள். ஒவ்வொன்று முடிந்ததும் ரீமா எண்ணிக்கையைச் சொன்னாள். தஸ்லிமா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டாள். சித்தி ஜனாபா பின்னால் நின்று, ஆண்களைப் பார்க்காமல் கழுதையை மட்டும் பார்த்தாள்.

பதினான்காவது மரத்தில் படம் நின்றுவிட்டது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. அறைக்குள் எப்போதும் சிக்னல் குறைவு. அடுக்களை ஜன்னலுக்கு ஓடினாள். படம் வந்து, கழுதையின் கால் ஒன்று அந்தரத்தில் நின்று, மறுபடியும் போயிற்று.

"மைனி, மாடிக்குப் போணும்."

"மாடிக்கா? பக்கத்து மாடியில சுடலைமணி வேலை செய்யுதாம்லா."

"இது அறுந்துச்சுன்னா அவங்க உழுதது கணக்குல வராது."

சித்தி ஜனாபா பதில் சொல்வதற்குள் தஸ்லிமா பாதிப் படி ஏறியிருந்தாள். வெள்ளத்தின்போது இரண்டு ராத்திரி அந்த மொட்டைமாடியில்தான் தெருவே உட்கார்ந்திருந்தது. அதன் பிறகு அவள் அங்கே ஏறவில்லை. இப்போது அதையெல்லாம் நினைக்க நேரமில்லை. வெயில் கண்ணில் அடித்தது. மூன்று அடி இடைவெளியில் பக்கத்து மாடியில் கொத்தனார் சுடலைமணி வெள்ளத்தில் விரிந்த கைப்பிடிச் சுவருக்குப் பூசிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் பதறிப்போய்க் கரண்டியைக் கீழே போட்டான்.

"யக்கா, நான் எறங்கிருதேன். இல்ல, ரெண்டு சட்டி கலவை கெடக்கு, காஞ்சிரும். அங்கிட்டுத் திரும்பிக்கிடுதேன், சரியா?"

அவன் சுவரைப் பார்த்தபடி பின்னாலேயே கையை நீட்டிக் கரண்டியைத் தேடினான். சித்தி ஜனாபா மூச்சிரைக்க ஒரு படுக்கை விரிப்போடு மேலே வந்து, கொடியில் அதைக் குறுக்கே போட்டாள். அது பாதி ஆளைத்தான் மறைத்தது.

படம் வந்துவிட்டது. அதற்குள் ஒரு மரம் முடிந்திருந்தது. விட்டுப்போனதைத் தஸ்லிமா சொன்னாள். ரீமா அங்கே கத்தினாள். அபூ கஸ்ஸான் கழுதையைத் திருப்பிக்கொண்டு வந்து, உழுத மரத்தடியை மறுபடி உழுதார். முகம் சுளிக்கவில்லை. ஆனால் அந்த ஆறு நிமிஷம் போனது போனதுதான்.

இருபத்து மூன்றாவது மரத்தில் கழுதை காதை விறைத்துக்கொண்டு நின்றது. ரீமாவின் மூச்சுச் சத்தம் மாறியது. அவள் போனை மேலே திருப்பினாள். உச்சியிலிருந்து ஐந்து பேர் இறங்கி வந்தார்கள். இரண்டு பேர் தோளில் நீளத் துப்பாக்கி. ஒருவன் துணியால் முகத்தைக் கட்டியிருந்தான். அவசரமே இல்லாமல், தங்கள் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள்போல வந்தார்கள்.

அபூ கஸ்ஸான் நிறுத்தவில்லை. அனுமதிக் காகிதம் சட்டைப்பையில் இருக்கிறது, நீ படத்தை மட்டும் பார் என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கழுதையை அதட்டினார்.

துப்பாக்கி வைத்திருந்த ஒருவன், வெயிலில் சிவந்த முகத்தோடு, ரீமாவின் முன்னால் வந்து நின்றான். ஆங்கிலத்தில் போனை அணைக்கச் சொன்னான். இந்தியாவிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், பதிவு ஆகிறது என்று சொன்ன ரீமா, முன்பக்கக் கேமராவுக்கு மாற்றித் திரையை அவன் பக்கம் திருப்பினாள். அவன் குனிந்து போனைப் பார்த்தான். அவன் கண் திரை முழுக்க வந்தது. பிறகு பின்வாங்கிச் சிரித்து, மற்றவர்களிடம் ஏதோ சொன்னான். அவர்களும் சிரித்தார்கள்.

ரீமாவின் குரல் தாழ்ந்து வந்தது. "சாச்சி, இங்கே உங்கள் படம் கறுப்பாகத்தான் இருக்கிறது. யாரும் இல்லை, ஏமாற்றுகிறேன் என்கிறான். முகத்தைக் காட்டுங்கள். சீக்கிரம்."

தஸ்லிமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தன்னை மறைக்க ஒட்டிய பிளாஸ்திரி அங்கே சாட்சியையே மறைத்துவிட்டது. இவ்வளவு நேரமும் அந்தப் பிள்ளை ஒரு கறுப்புச் சதுரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

நகத்தால் சுரண்டினாள். மைனி அழுத்திய அழுத்தில் பிளாஸ்திரி வரவில்லை.

"ஏட்டி, என்ன செய்யுத?" சித்தி ஜனாபா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "அத்தனையும் அந்நிய ஆம்பிளைக. தம்பி மௌத்தாகி மூணு மாசம் ஆகலை."

"யாருமில்லன்னு நெனைக்கான் மைனி. யாருமில்லன்னா என்ன செய்வான்னு தெரியாதா உங்களுக்கு?"

மணிக்கட்டில் இருந்த பிடி தளரவில்லை. ஆனால் இறுகவும் இல்லை. திரையில் முகம் கட்டியவன் கழுதையின் கயிற்றைத் தொட்டான். நபீல் விடவில்லை. சித்தி ஜனாபாவும் அதைப் பார்த்தாள். அவள் கை விலகியது.

பிளாஸ்திரி பாதி கிழிந்து வந்தது. பசை கண்ணாடியில் நின்றது. தஸ்லிமா முந்தானை ஓரத்தை எச்சிலில் நனைத்துத் துடைத்தாள். திரையின் மூலையில் மங்கலாக ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. வெள்ளைத் துணிக்குள் கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு அவள் கண்ணாடி பார்க்கவில்லை. அது தான்தான் என்று புரிய ஒரு கணம் பிடித்தது.

யஹ்யா இரண்டு ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். பார்க்கிறேன் என்று ஒன்று, பதிவாகிறது என்று ஒன்று. அந்தத் தாள் கீழே அறையில் இருந்தது. அவளுக்கு அந்த நேரம் ஒரு சொல்லும் நினைவுக்கு வரவில்லை.

"எல்லாத்தையும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்," என்றாள் தமிழில். அவளுடைய குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "நீ சிரிச்சது, அவன் கயித்தத் தொட்டது, எல்லாம் இங்கன பதிவாயிருக்கு. நான் எங்கயும் போக மாட்டேன்."

அவனுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. ஆனால் சிரிப்பு நின்றது. எங்கே இருக்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டான். ஏரல் என்றாள். அப்படி ஓர் ஊர் உலகத்தில் இருக்கிறதா என்பதுபோல அவன் நெற்றியைச் சுருக்கினான். பிறகு தன் போனை எடுத்து, ரீமாவின் திரைக்கு நேராகப் பிடித்து, தஸ்லிமாவின் முகத்தைப் படம் எடுத்தான். ஒரு தரம், இரண்டு தரம். அவள் முகத்தைத் திருப்பவில்லை. கொடியில் தொங்கிய விரிப்பின் விளிம்பை மட்டும் ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்து மாடியில் கரண்டிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

அவர்களுக்குள் பேச்சு நீண்டது. அந்த நேரத்தில் நான்கு மரம் முடிந்தது. பிறகு கீழே சாலையில் ராணுவ ஜீப் வந்து நின்றது. மூன்று சிப்பாய்கள் ஏறி வந்தார்கள். வந்தவர்கள் துப்பாக்கிக்காரர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. அபூ கஸ்ஸானிடம், பகுதி மூடப்பட்டுவிட்டது, எல்லோரும் இறங்கிப் போங்கள் என்றார்கள். அவர் கலப்பையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, காகிதத்தை விரித்துக்கொண்டு அவர்களிடம் நடந்தார். பதினொன்றுவரை அனுமதி என்று எழுதியிருப்பதை ஒவ்வொரு வரியாகக் காட்டினார். சிப்பாய் மேலிடத்தோடு பேசினான். அவர் மறுபடியும் முதல் வரியிலிருந்து காட்டினார். எவ்வளவு மெதுவாகப் பேச முடியுமோ அவ்வளவு மெதுவாகப் பேசினார். பின்னால் நபீல் ஒற்றை ஆளாகக் கழுதையை ஓட்டிக்கொண்டிருந்தார்.

முப்பது. முப்பத்து மூன்று. ரீமா இப்போது எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லவில்லை. தஸ்லிமாதான் கோடு போட்டாள். முப்பத்தெட்டாவது மரத்தைச் சுற்றி நான்காவது சால் முடிந்த கையோடு, முகம் கட்டியவன் ஓடி வந்து கழுதையின் கயிற்றை வெட்டினான். நபீல் விழுந்தார். யாரோ கத்தினார்கள். ஒரு கை திரையை மூடியது. இருட்டு. ரீமா அரபியில் தன் வாப்பாவைக் கூப்பிடுவது கேட்டது. அப்புறம் அழைப்பு அறுந்தது.

மணி ஒன்று பத்து.

யஹ்யா எழுதி வைத்திருந்த எண்களுக்கு வரிசையாக அடித்தாள். வக்கீல் எடுத்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. பதிவு இருக்கிறதா? இருக்கிறது. அதைத் தொடாதீர்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

சுடலைமணி இன்னும் சுவரைப் பார்த்தபடிதான் நின்றான். "யக்கா, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டான். தெரியவில்லை என்றாள். யஹ்யா அண்ணாச்சி அந்த இடத்தில் நின்றுதான் மணிக்கணக்கில் பேசுவார், பாஷை புரியாவிட்டாலும் நான் கேட்டுக்கொண்டிருப்பேன் என்று அவன் சுவரிடம் சொன்னான். சட்டியில் கலவை காய்ந்து கல்லாகியிருந்தது.

லுஹர் தொழுகை நேரம் போயிற்று, அஸரும் போயிற்று. சித்தி ஜனாபா சோற்றைப் பிசைந்து தட்டில் கொண்டுவந்தாள். தஸ்லிமா தொடவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அவன் போன்ல உன் மொகம் போயிட்டே," என்றாள் சித்தி ஜனாபா.

"போயிட்டு, மைனி."

"அவன் அத என்ன செய்வான்?"

"தெரியலை."

சித்தி ஜனாபா தட்டை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுத் தொழப் போனாள். வெகுநேரம் நெற்றியைத் தரையில் வைத்துச் சஜ்தாவிலேயே கிடந்தாள்.

அந்தித் தொழுகையான மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் வேறோர் எண்ணிலிருந்து ரீமா பேசினாள். போன் போய்விட்டது. வாப்பாவைக் கண்ணைக் கட்டி மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டு அனுப்பினார்கள். சிற்றப்பாவுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. கழுதையைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். இதையெல்லாம் வேகமாகச் சொல்லிவிட்டு நிறுத்தினாள். நான்கு மரம் மிச்சம். மேல்வரிசை, உச்சியில் இருப்பவர்களின் வேலியை ஒட்டினது. அந்த நான்கை விட்டால் அதுவரைக்கும் வேலி இறங்கும், பிறகு அடுத்த வரிசை. வாப்பா நாளைக்கு விடிந்ததும் மண்வெட்டியோடு போகிறார். அனுமதி கிடையாது. போகாதே என்று உம்மா அழுகிறாள். அவர் கேட்கமாட்டார்.

"உங்களைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, சாச்சி," என்றாள்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள் தஸ்லிமா.

மறுநாள் ஒன்பது மணிக்கு, அங்கே விடியும் நேரத்துக்கு, அவள் மாடியில் இருந்தாள். கொடியில் விரிப்பு இல்லை. சித்தி ஜனாபா அதை மடித்து, உட்காரப் பலகைமேல் போட்டிருந்தாள். தஸ்லிமாவின் தலைத்துணியை அவிழ்த்து, சுருக்கமில்லாத வேறொன்றைக் கட்டிவிட்டாள். "மொகம் தெரியத்தான் போகுதுன்னா ஒழுங்காத் தெரியட்டும்," என்றாள். சுடலைமணி அன்று வேலைக்கு வரவில்லை. வேண்டுமென்றே வரவில்லை என்று தஸ்லிமாவுக்குத் தோன்றியது.

அழைப்பு வந்தது. ரீமா பேசவில்லை. ஒரு கல்லுக்குப் பின்னால் குனிந்திருந்தாள். விடியல் வெளிச்சத்தில் அபூ கஸ்ஸான் தனியாளாக முதல் மரத்தடியைக் கொத்திக்கொண்டிருந்தார். மண்வெட்டி கல்லில் படும் சத்தம் மட்டும் வந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் நின்று மேலே பார்த்தார். பிறகு கொத்தினார்.

முதல் மரத்துக்குப் பதினைந்து நிமிஷம். இரண்டாவதற்கு இருபது. தஸ்லிமாவின் கை கடுக்கத் தொடங்கியது. சிக்னல் அறாமல் இருக்க வேண்டுமென்றால் போனைத் தலைக்கு மேல் கைப்பிடிச் சுவர்ப் பக்கமாகத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. சித்தி ஜனாபா அதை அவள் கையிலிருந்து வாங்கித் தான் பிடித்தாள். கையைத் தூக்கியதில் நழுவிய முக்காட்டைச் சரிசெய்ய அவளுக்குக் கை இல்லை.

மூன்றாவது முடிந்தது. நான்காவது மரம் வேலிக்குப் பத்தடியில் இருந்தது.

"ஏட்டி," என்றாள் சித்தி ஜனாபா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மேல வேலிக்கதவு தொறக்குது பாரு. ரெண்டு பேரு வாராவ. அவர வெரசாக் கொத்தச் சொல்லு."

தஸ்லிமா சொன்னாள். ரீமா சொன்னாளா, அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவர் வேகத்தைக் கூட்டவில்லை. மரத்தைச் சுற்றி ஒரே அளவில், ஒரே ஆழத்தில் கொத்திக்கொண்டே வந்தார். இறங்கி வந்தவர்கள் கூப்பிட்டார்கள். இன்னும் கால் வட்டம். அவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். கடைசிக் கட்டியைப் புரட்டி மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டி உடைத்தார். கொத்தி முடித்த மண்ணைக் கேமராவுக்கு நேராகக் கையால் சுற்றிக் காட்டினார்.

பிறகு ஓடாமல், மண்வெட்டியை மடியில் போட்டுக்கொண்டு, அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்தார். அந்த இருவரும் அவரை நோக்கி நடந்து வந்தார்கள். சித்தி ஜனாபா போனை இன்னும் உயரத் தூக்கினாள். தஸ்லிமா அவள் முழங்கைக்குக் கீழே தன் கையை முட்டுக்கொடுத்து நின்றாள்.